பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

கணிதத்தில் பட்டம் வாங்கி, கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் நான் வேலைக்குப் போனேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். படித்த படிப்பைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாயே என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். சபையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் சங்கத்தில் அந்த வேலை கிடைத்தது.

நில அளவைக் கருவிகள் செய்பவர்களின் சங்கம். தென்மாவட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற சின்னப் பட்டறைக்காரர்கள்தான் உறுப்பினர்கள். அளவு டேப், சர்வேயர்கள் வயலில் ஊன்றிவைத்துப் பார்க்கிற சிவப்பு வெள்ளைக் கம்பு, தூக்குக் குண்டு, முக்காலி என்று ஆளுக்கொன்று செய்தார்கள். நிலம் அளக்கிற மெஷின் வெளிநாட்டில் இருந்து வந்ததாக இருக்கும். அதைத் தாங்கி நிற்கிற முக்காலி எங்கள் ஆட்களில் ஒருவர் செய்ததாக இருக்கும். தலைவருக்குச் சங்கரன்கோவிலில் பட்டறை இருந்ததால் அலுவலகமும் இங்கே அமைந்துவிட்டது. ராஜபாளையம் ரோட்டில், ஒரு தறிக்கூடத்தை ஒட்டிய அறை. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தறிச் சத்தத்துக்குள்தான் இருக்கவேண்டும். ஃபோன் பேசுவதற்கு ரோட்டுக்கு வந்துவிடுவேன்.

"அங்கன என்ன வேலை உனக்கு?" என்று முதல் வாரத்தில் என் கணவர் கேட்டார்.

"லெட்டர் எழுதுதேன்" என்றேன்.

அது உண்மைதான். அரசாங்க டெண்டரில் சின்னப் பட்டறைகளையும் சேர்க்கவேண்டும் என்று ஒரு மனு, வரியைக் குறைக்கவேண்டும் என்று ஒரு மனு, கண்காட்சியில் எங்களுக்கும் ஒரு மேசை தரவேண்டும் என்று ஒரு மனு. எனக்கு நல்ல தமிழ் வரும். தலைவர் வாயால் சொல்வதை நான் லெட்டர்பேடில் எழுதினால் அவரே இரண்டு தடவை வாசித்துப் பார்ப்பார். பதில் பெரும்பாலும் வராது. வந்தால் பரிசீலனையில் உள்ளது என்று இருக்கும்.

டெண்டர் போட வேண்டுமென்றால் தரச் சான்று கேட்கிறார்கள், பெரிய சோதனைச்சாலைக்கு எல்லாவற்றையும் அனுப்பிக் கட்டுப்படியாகாது, நாமே சோதித்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம் என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. சோதிக்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். தறிக்கூடத்தின் பக்கச் சுவரை ஒட்டிச் சிமெண்டுத் தளம் இருந்தது. சென்னையில் சோதித்துச் சான்று வாங்கி வந்த எஃகு டேப் ஒன்றை வைத்து, அந்தத் தளத்தில் மீட்டருக்கு ஒரு பித்தளை ஆணி என்று முப்பது மீட்டருக்கு அடித்தோம். நானே முட்டி போட்டு ஒவ்வொரு ஆணியையும் சரிபார்த்தேன். முதலில் வந்த டேப்புகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் விரித்துப் பார்த்தேன். இரண்டு மூன்றைத் திருப்பி அனுப்பவும் செய்தேன்.

அதற்குப் பிறகு ஐம்பதுக்கு ஒன்று பார்த்தால் போதும் என்றார்கள். பிறகு ஒரே தடவையில் அச்சடித்த ஒரு லாட்டுக்கு ஒன்று. கடைசியில் பட்டறைக்காரர் ஒரு டேப்பை மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் இதே மாதிரிதாம்மா" என்று சொல்லி ஸ்டிக்கர் சுருளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர்கள் பட்டறையிலேயே ஒட்டிக்கொள்வார்கள். நான் ஆட்சேபித்தேனா என்றால், ஒரு தடவை ஆட்சேபித்தேன். பிறகு பழகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார்.

கரிவலம்வந்தநல்லூர் பக்கம் விவசாயம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உரக் கம்பெனிப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வாசலில் நின்றார். தறிச் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பைக்குள் இருந்து ஒரு மஞ்சள் டேப்பை எடுத்து மேசையில் வைத்தார். அதன் டப்பாவில் எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது ஒங்க ஸ்டிக்கர் தானம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப இது சரியான டேப்பான்னு பாத்துச் சொல்லணும்."

அவர் கதையைச் சொன்னார். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் அப்பா வழி நிலம். சில வருஷங்களுக்கு முன்னால் பாகம் பிரித்தார்கள். தனியார் சர்வேயர் ஒருவர் இந்த டேப்பை வைத்து அளந்தார். கிழக்கே இருந்து தம்பியின் பங்கு நூற்றிருபது மீட்டர்; அதை அளந்து, முடிகிற இடத்தில் கல் நட்டார்கள். கல்லுக்கு மேற்கே அண்ணன் பங்கு. நீரோட்டம் பார்க்கிறவர் காட்டிய இடம் அந்தக் கல்லில் இருந்து ஒரு அடி தள்ளி, அண்ணன் பக்கம் இருந்தது. அங்கே அவர் போர் போட்டார். தண்ணீர் நன்றாக வந்தது. தம்பி தன் பக்கத்தில் இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தும் தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதிப் புகைதான் வந்தது.

அதன்பிறகு தம்பி பட்டாவில் உட்பிரிவு செய்ய மனுக் கொடுத்தார். அரசாங்க சர்வேயர் மெஷினோடு வந்து பார்த்தார். கல் நாற்பது சென்டிமீட்டர் தப்பாக நிற்கிறது, மேற்கே தள்ளி இருக்கவேண்டும் என்றார். அப்படித் தள்ளி நட்டால் போர்க்குழாய் தம்பி நிலத்துக்குள் நாலைந்து விரல் அகலம் போய்விடுகிறது.

"போரு போனா போவட்டும்னு கூட ஒரு நேரம் நெனைச்சேன் தாயி" என்றார். "ஆனா எந்தம்பி என்ன சொல்லுதான் தெரியுமா? நான் சர்வேயரக் கையில போட்டுக்கிட்டு, கல்லத் தள்ளி நட வச்சேனாம். அண்ணன் களவாணின்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியுதான். மெஷின் சர்வேயர்தான் சொன்னாரு, ஒருவேளை பழைய டேப்பு குறைவா இருந்திருக்கும்னு. அந்தச் சர்வேயரு இப்பம் திருப்பூருக்குப் போயிட்டாரு. அவரு வீட்டுல போய்க் கேட்டு இத வாங்கியாந்தேன்."

இருவரும் தளத்துக்குப் போனோம். டேப்பின் நுனியை முதல் ஆணியில் அவர் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொண்டே போனேன். முப்பது என்று அச்சடித்த இடம் கடைசி ஆணிக்கு வரவில்லை. ஒரு கை அகலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நான் நன்றாக இழுத்துப் பிடித்தேன். அப்போதும் வரவில்லை. முழுதையும் தரையில் விரித்துவிட்டு ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினேழு வரை சரியாக இருந்தது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் கோடுகளை எண்ணினேன். பத்து சென்டிமீட்டர் அச்சாகவே இல்லை. அச்சு உருளை அந்த இடத்தில் வழுக்கியிருக்கிறது. ஒரு விரிப்புக்குப் பத்து. நூற்றிருபது மீட்டருக்கு நாலு விரிப்பு. நாற்பது.

தரையில் உட்கார்ந்தபடியே அவருக்கு அதைக் காட்டினேன். அவர் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத ஒரு பேப்பர்ல எழுதி, சங்கத்து சீல் வச்சுக் குடுத்துருங்க தாயி. எனக்கு நஷ்டஈடு ஒண்ணும் வேண்டாம். எந்தம்பிகிட்டக் காட்டணும். அவ்வளவுதான்."

கமிட்டியில் கேட்டுத் தருகிறேன், டேப்பை வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே கூட்டம் நடந்தது. தலைவர், செயலாளர், டேப் செய்தவர், இன்னும் இரண்டு பேர். டேப் செய்தவருக்கு மேலநீலிதநல்லூர் போகிற வழியில் பட்டறை. அவர்தான் துணைத் தலைவரும். நான் டேப்பை விரித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "உருள வழுக்கியிருக்கு. அந்த லாட்டுல எத்தனை போச்சோ" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. அப்போது எனக்கு நம்பிக்கை வந்தது.

செயலாளர்தான் முதலில் பேசினார். இப்படி ஒரு கடிதம் கொடுத்தால் அது கோர்ட்டுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போனால் டெண்டரில் இருந்து பட்டறையை நீக்கிவிடுவார்கள், அதோடு நம் ஸ்டிக்கரும் போகும், ஸ்டிக்கர் போனால் எல்லோரும் போனார்கள் என்றார்.

"அவரு கேக்கது ஒரே ஒரு பேப்பர்" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். கடுமையான மனிதர் இல்லை. என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவருடைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

"எம்மா, அந்தப் பட்டறையில பதினோரு பொம்பளைங்க வேலை பாக்காங்க. மானாவாரிக் காடு, மழ இல்லேன்னா அதுவும் இல்ல. இந்த டேப்புலதான் அடுப்பு எரியுது. சங்கம்னா எதுக்கு இருக்கு? ஒரு மெம்பர் விழப்போறான்னா மத்தவங்க தாங்கிப் பிடிக்கத்தான். வெளிய உள்ளவங்களுக்கு நியாயம் சொல்ல கோர்ட்டு இருக்கு."

அந்தப் பெண்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி என் சபையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவாள். நான் மறுபடி வாய் திறக்கவில்லை.

கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். சங்கத்தின் ஸ்டிக்கர் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று எழுதினேன். அது உண்மை. நாள்பட்ட புழக்கத்தில் வெயிலாலும் இழுப்பதாலும் டேப்பின் நீளம் மாறக்கூடும் என்று எழுதினேன். அதுவும் உண்மைதான், ஆனால் எந்த டேப்பும் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மட்டும் சுருங்குவதில்லை. மூன்றாவது வரியில், தங்கள் டேப்பில் தயாரிப்புக் குறை எதுவும் கண்டறியப்படவில்லை என்று எழுதினேன். கண்டறிந்தது நான்தான். சங்கத்துக்காக என்று போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

டேப்பைத் துணைத் தலைவர், தப்பு எங்கே நடந்தது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, பழைய சாமான்களோடு கழிவில் போய்விட்டது என்றார். வேண்டுமென்று செய்தாரா, உண்மையிலேயே போய்விட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் குடைந்து கேட்கவும் இல்லை.

அதற்கு நடுவில் பெரியவர் ஒரு தடவை வந்து, "இன்னும் ஆகலையா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அடுத்த தடவை வந்தபோது கவரைக் கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்தார். தமிழ் நன்றாக வாசிப்பார். உதடு அசைய மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தவர், மூன்றாவது வரியில் நின்றார். திரும்ப முதலில் இருந்து வாசித்தார்.

"தாயி, நாம ரெண்டு பேருந்தான பாத்தோம்?"

"கமிட்டி முடிவு அண்ணாச்சி."

"சரி, டேப்பக் குடுங்க."

டேப் இல்லை என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த மாதம் எங்கள் சபைக் கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. மனதில் குற்றத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்பார்கள். உடம்பு சரியில்லையா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

சில மாதங்கள் கழித்து, கல்லைத் தள்ளி நட்டு ஏமாற்றியதாக அண்ணன் மேல் வழக்குப் போட்டிருந்த தம்பியின் வக்கீலிடம் இருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. டேப்பில் குறை இருந்ததாக எதிர்த்தரப்பு சொல்கிறது, அது உண்மையா என்று கேட்டிருந்தார்கள். தலைவர், "ஏற்கெனவே எழுதினதுல ஒரு காப்பி அனுப்பிரும்மா" என்றார். அனுப்பினேன். அது என்ன செய்யும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். உறைத்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கரிவலத்துக்குப் பஸ் ஏறினேன். தம்பி ஊருக்குள்ளேயே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன். கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், நான் யாரென்று சொன்னதும் எழுந்து, வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"ஒங்க அண்ணன் கல்லத் தள்ளி நடல" என்றேன். "டேப்பு குறைவா இருந்துச்சு. நானே அளந்து பாத்தேன். முப்பது மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். நாலு விரிப்புக்கு நாப்பது. மெஷின் சர்வேயரு சொன்ன அதே நாப்பது."

அவர் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். என் கடிதத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது யாரு கையெழுத்து மேடம்?"

"என்னோடதுதான்."

"இதுல குறை இல்லைங்கீங்க. இப்பம் வந்து குறை இருக்குங்கீங்க. எத நம்பச் சொல்லுதீங்க?"

"இப்பச் சொல்லுததுதான் உண்மை."

"அப்பக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

பதில் என் வாயில் இருந்தது. ஆனால் உடனே வரவில்லை. வேலை, தலைவர், அந்தப் பதினோரு பெண்கள், என் பெயர் போட்ட அந்தத் தாள். இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள் வந்துபோயின. அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் போதுமாக இருந்தது.

"எங்க அண்ணன் அனுப்பிச்சானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டார். வாசல் வரை வந்து, பஸ் நிற்கிற இடத்தை மரியாதையாகக் காட்டிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த வாரம் நான் துணிந்தேன். சங்கரன்கோவிலிலேயே இருந்த பெரியவரின் வக்கீலைத் தேடிப் போய், கோர்ட்டில் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். வயதான வக்கீல். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்ல மனசுதாம்மா" என்றார். "ஆனா டேப்பு இல்ல. இருக்கது ஒங்க லெட்டர் மட்டுந்தான். நீங்க கூண்டுல ஏறினா அத எடுத்து நீட்டுவாங்க. அப்பப் பொய் சொன்னீங்களா இப்பப் பொய் சொல்லுதீங்களான்னு கேப்பாங்க. ரெண்டுல எதச் சொன்னாலும் ஒங்க சாட்சி நிக்காது. எங்க கட்சிக்காரரு ஒங்களக் கையில போட்டுக்கிட்டாருன்னு அதையும் சேத்துச் சொல்லுவாங்க. முந்தியே வந்திருக்கணும்மா."

சர்வேயரைக் கூப்பிடலாமே என்று கேட்டேன். திருப்பூரில் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை என்றார். அந்த லாட்டில் வேறு டேப் யாரிடமாவது இருக்குமா என்று நானாகவே பல பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். கிடைத்த இரண்டும் சரியாக இருந்தன.

வழக்கு முடியும்வரை போரை இருவரும் தொடக்கூடாது என்று உத்தரவானது. மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். அந்த வருஷம் பெரியவர் போட்டிருந்த மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் காய்ந்துபோனது என்று அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். தம்பி மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்றும் சொன்னார்.

நான் சங்கத்தில்தான் இன்னும் இருக்கிறேன். விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. பிள்ளைகள் காலேஜுக்கு வந்துவிட்டார்கள், கணவருடைய கடை முன்போல ஓடவில்லை. ஸ்டிக்கரைச் சிவகாசியில் இருந்து நேராகப் பட்டறைகளுக்கே அனுப்புகிறார்கள். பித்தளை ஆணிகள் மேல் தறிக்கூடத்துக்காரர் நூல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார். டேப் பட்டறையும் ஓடுகிறது. ஆனால் பதினோரு பேர் இருந்த இடத்தில் நாலு பேர்தான். டெண்டரெல்லாம் வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டது. யாரைக் காப்பாற்ற அந்தக் கடிதத்தை எழுதினோமோ அவர்களையும் காப்பாற்ற முடியவில்லை.

போன மாதம் பெரியவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வாய்தாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, "சொகமா இருக்கீங்களா தாயி?" என்று கேட்டார்.

என்ன சொல்லவேண்டும் என்று பல வருஷமாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்தேன். அங்கே எனக்கு வந்தது, "என்ன மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்ற ஒரு வரிதான்.

"நீங்க என்ன செய்வீங்க. சங்கத்து வேலை" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனைச்சேன். அந்த டேப்பு குறைஞ்சது மெய்தான? இத்தன பேரு இத்தன வருஷமா சொல்லிக்கிட்டே இருக்காங்களா, எனக்கே சில நேரம் சந்தேகமா வருது. கல்லு நடயில நாந்தான் காலால எதுவும் தள்ளிவிட்டேனோன்னு."

"மெய்தான் அண்ணாச்சி. நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல."

"ஆமா, பாத்தோம்லா" என்றார்.

தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். நம்பிய மாதிரித் தெரியவில்லை. கரிவலம் பஸ் வந்தது. நெரிசலில் படியைப் பிடித்து ஏறி உள்ளே போனார். ஜன்னல் பக்கம் வருகிறாரா என்று பார்த்தேன். வரவில்லை.